அறுத்தால்தான் கூலி

காஞ்சீபுரத்தில் வதந்திக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பட்டு நூல் விலை இறங்கப் போகிறது, ஜரிகை விலை ஏறப் போகிறது, சங்கத்தில் கூலி உயரப் போகிறது, சாக்கடைக்கு மூடி போடப் போகிறார்கள் என்றெல்லாம் நாள்தோறும் மூங்கில் மண்டபத்தருகில் பல வதந்திகள் பிறக்கின்றன. அவை ரங்கசாமி குளத்தை அடைவதற்குள் வாலிபம் எய்தி, பிள்ளையார்பாளையம் போய்ச் சேர்வதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடுகின்றன. இவற்றோடு வாழ்ந்து நமக்குப் பழகிப் போயிற்று. ஆனால் சென்ற வாரம் நம்முடைய வகுப்புக்குள் நுழைந்த வதந்தி உள்ளூர்ச் சரக்கு அன்று. அது கடல் கடந்து வந்தது.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் நியூட்டன் துரையின் முதல் விதியை விளக்கிக் கொண்டிருந்தோம். வெளியிலிருந்து ஒரு விசை தாக்காதவரையில், நிற்கும் பொருள் நின்றுகொண்டேயிருக்கும் என்று நாம் சொல்லி முடித்தபோது, அதற்கு உதாரணம் காட்டுவது போலக் கடைசி பெஞ்சில் ஐந்து தலைகள் ஒரே இடத்தில் அசையாமல் குவிந்திருந்தன. நாமே வெளியிலிருந்து தாக்கும் விசையாகி அங்கே போய்ப் பார்த்தோம். விஞ்ஞானப் புத்தகத்துக்குள் ஒரு மோட்டார் காரின் படம் இருந்தது. சிவப்பு வர்ணம், தரையோடு தரையாகப் பதுங்கிய உடல், இரண்டே ஆசனங்கள், பக்கவாட்டில் மீனின் செவுளைப் போன்ற காற்றுத் துளைகள்.

"இது என்ன?" என்று கேட்டோம்.

"வரப் போகிற வண்டி, சார்" என்றான் படத்துக்குச் சொந்தக்காரன்.

"எப்போது வரப் போகிறது?"

"அது யாருக்கும் தெரியாது, சார்."

யாருக்கும் தெரியாத அந்த விஷயத்தில் ஐந்து பேரும் அபாரமான ஞானம் படைத்தவர்களாயிருந்தார்கள். குதிரைச் சக்தி இவ்வளவு என்று ஒருவன் சொன்னால், அடுத்தவன் ஏலத்தில் கேட்பவனைப் போல அதன் மேல் நூறு ஏற்றினான். விலையைப் பற்றியும் அவ்வாறே. படத்தைப் பறிமுதல் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாடத்துக்குத் திரும்பினோம். பறிமுதல் செய்த வஸ்துவைத் தாமும் ஒரு முறை பார்க்காத ஆசிரியர் உலகத்தில் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் நாமும் அதை எடுத்துப் பார்த்தோம் என்பதை நேயர்களிடம் மறைப்பானேன்?

படத்தின் வரலாறு இதுதான். ஜப்பான் தேசத்து டொயோட்டா கம்பெனியார் 2025-ம் வருஷம் ஜனவரி மாதம் டோக்கியோ மோட்டார் காட்சி ஒன்றில் ஒரு சோதனை வண்டியைக் காட்டினார்கள். முன்புறத்தில் எஞ்சின் இருக்க வேண்டிய 'யாரிஸ்' என்னும் சிறிய காரில், புதிய இரண்டு லிட்டர் எஞ்சின் ஒன்றை ஆசனங்களுக்குப் பின்னால், நடுவில் வைத்திருந்தார்கள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் 1984-ல் பிறந்து 2007-ல் மறைந்த 'எம்.ஆர்.2' என்னும் நடு-எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார் மறு ஜன்மம் எடுக்கப் போகிறது என்ற பேச்சு அதன்பின் உலகெங்கும் வலுத்துவிட்டது. படம் வரைவோர் படம் வரைந்தார்கள். ஜாதகம் கணிப்போர் ஜாதகம் கணித்தார்கள். நம் பையன் வைத்திருந்தது அப்படி யாரோ ஒருவருடைய கற்பனையில் பிறந்த படம்.

அன்று மாலை பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பையனுடைய வீட்டுக்குப் போனோம். கோள் சொல்வதற்காக அல்ல. இந்த வருஷத்தோடு பத்தாம் வகுப்பு முடிகிறது; மேலே என்ன செய்வது என்று தகப்பனாரிடம் பேச வேண்டியிருந்தது. பையனுக்குப் பாலிடெக்னிக்கில் சேர வேண்டுமென்று ஆசை.

தகப்பனார் தறியில் இருந்தார். கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா வேண்டியிருப்பதால் ஒருவரால் ஆகாத காரியம் அது. பக்கத்தில் அமர்ந்து பையனுடைய தாயார் கரை நாடாவை வீசிக் கொண்டிருந்தார். திண்ணையில் பெரிய பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவனும் நம்முடைய பழைய மாணவன். ஐ.டி.ஐ. படித்து, ஒரகடம் பக்கத்து மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவன். ஒப்பந்தம் முடிந்தது; மறு ஒப்பந்தம் வரவில்லை. மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறான்.

சட்டைப் பையிலிருந்த படத்தை எடுத்து வேடிக்கையாகக் காட்டினோம். தகப்பனார் நாடாவை நிறுத்தி, படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாம் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, இந்த வண்டி வந்தால் பெரியவனுக்கு வேலை கிடைக்குமா?"

நமக்கு வாயடைத்துப் போயிற்று. நாம் பேசாமல் இருப்பதைக் கண்டு அவரே தொடர்ந்தார்: "இல்லை ஐயா, காகிதத்தில் டிசைன் போட்டுவிட்டால் புடவை ஆகிவிடாது. பாவு ஏற வேண்டும், நெய்ய வேண்டும், அறுக்க வேண்டும். எங்கள் தொழிலில் அறுத்தால்தான் கூலி. இதில் பாவு ஏறியிருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்."

தெரிந்து சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். இந்த வாரம் இந்தப் பக்கத்தில் நாம் எழுதுவது அந்த நெசவாளருக்கு நாம் கடன்பட்ட பதில்.

முதலில், எஞ்சினை நடுவில் வைப்பதில் என்ன விசேஷம்? காஞ்சீபுரத்தில் இதை விளங்க வைப்பது சுலபம். வைகாசிக் கருட சேவையில் ஸ்ரீபாதம்தாங்கிகள் பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வீதி முனையில் திரும்பும் காட்சியைப் பாராதவர் நம் ஊரில் உண்டா? வாகனம் தண்டுகளின் நடுவே அமர்ந்திருக்கிறது. முன்னால் உள்ளவர்களும் பின்னால் உள்ளவர்களும் பாரத்தைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். அதனால்தான் அத்தனை பெரிய திருமேனி வீதி முனையில் லேசாகத் திரும்புகிறது. அதே வாகனத்தைத் தண்டின் நுனியில் வைத்துக் கட்டினால் முன்னால் உள்ளவர்களின் தோள் நொறுங்கும். பின்னால் உள்ளவர்களின் கால் தரையில் பாவாது. மோட்டார் வண்டியில் எல்லாவற்றிலும் கனமான பொருள்களில் ஒன்று எஞ்சின். அதைச் சாரதியின் முதுகுக்குப் பின்னும் பின் அச்சுக்கு முன்னுமாக வைத்தால் நான்கு சக்கரங்களும் பாரத்தை நியாயமாகப் பங்கிட்டுக் கொள்கின்றன. வண்டி சட்டென்று திரும்புகிறது. இரண்டு குடங்களைக் காவடியின் இரு முனையிலும் தொங்கவிட்டுக்கொண்டு திரும்புவதற்கும், ஒரு குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

இதற்கு விலையும் உண்டு. பின் ஆசனத்துக்கு இடம் இல்லை; பெட்டி படுக்கைக்கும் அதிகம் இடம் இல்லை. எஞ்சினுடைய சூடும் சத்தமும் காதருகில். பழகாதவர் கையில் வண்டி ஒரு கணத்தில் பம்பரமாகச் சுழன்றுவிடும். ஆகையால் குடும்பத்தோடு திருத்தணிக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற வாகனம் இது அன்று. பந்தயக்காரர்களே இதை முதலில் விரும்பினார்கள். 1958-ம் வருஷம் அர்ஜெண்டினாவில் ஸ்டர்லிங் மாஸ் என்பவர், பின்னால் எஞ்சின் வைத்த சிறிய கூப்பர் வண்டியில் பெரிய வண்டிகளையெல்லாம் முந்தினார். 1959-லும் 1960-லும் ஜாக் பிராபாம் அதே கம்பெனியின் வண்டியில் உலக சாம்பியன் ஆனார். மாடு வண்டியை இழுக்க வேண்டுமேயன்றித் தள்ளக்கூடாது என்று இத்தாலியப் பெரியவர் என்ஸோ பெராரி ஏளனம் செய்தார் என்பர். 1961-ல் அவருடைய சொந்த வண்டிகளிலேயே மாடு பின்னால் போய்விட்டது. அந்த வருஷத்துச் சாம்பியன் பட்டமும் அவற்றுக்கே கிடைத்தது. 1966-ல் லம்போர்கினி கம்பெனியின் 'மியூரா' வெளிவந்தபின், நடு-எஞ்சின் என்பது பணம் படைத்தவர்கள் வீதியில் ஓட்டும் வண்டிகளுக்கும் ஒரு லட்சணமாயிற்று.

இனி வதந்திக்கு வருவோம். வரப் போகிறது, வரப் போகிறது என்று மிக நீண்ட காலம் பேசப்பட்ட நடு-எஞ்சின் வண்டிகளில் முதலிடம் அமெரிக்காவின் 'கார்வெட்' காருக்கே கொடுக்க வேண்டும். அதன் பின்னே ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் ஜோரா ஆர்க்கஸ்-டன்டாவ். 1909-ல் பெல்ஜியத்தில் பிறந்தவர், பெற்றோர் ருஷ்யர். 1953-ல் நியூயார்க் காட்சியில் முதல் கார்வெட்டைக் கண்டு மயங்கி, அதைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்தார். எஞ்சினைச் சாரதிக்குப் பின்னால் வைத்தாலன்றி இவ்வண்டி பூரணம் பெறாது என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். 1960-ல் அவ்விதம் ஒரு சோதனை வண்டி செய்தார். 1964-ல் மற்றொன்று. 1970-ல் நியூயார்க் காட்சியில் இன்னொன்று வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பத்திரிகைகள் 'இதோ வந்துவிட்டது' என்று முரசு கொட்டின. ஒவ்வொரு முறையும் மேலிடத்தார் கணக்குப் பார்த்தார்கள். முன்னால் எஞ்சின் வைத்த வண்டியே நன்றாக விற்றுக்கொண்டிருக்கையில் புதிய பட்டறைக்கும் அச்சுகளுக்கும் பணம் கொட்டுவானேன் என்று வாளாவிருந்துவிட்டார்கள். டன்டாவ் 1975-ல் ஓய்வு பெற்றார். 1996-ல் 86-வது வயதில் காலமானார். நடு-எஞ்சின் கார்வெட் உலகத்தின் முன் வந்து நின்றது 2019-ம் வருஷம் ஜூலை மாதம் 18-ந் தேதி. முதல் சோதனை வண்டிக்கும் அதற்கும் இடையே 59 வருஷங்கள்.

அந்த ஜூலை மாதம் நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து அத்தி வரதர் எழுந்தருளி, 48 நாட்கள் சேவை சாதித்துக் கொண்டிருந்தார். 1979-ல் தரிசித்ததை நம் பாட்டியார் சொல்லிக் கேட்டிருந்தோம். 2019-ல் நாமே வரிசையில் நின்றோம். அடுத்த முறை 2059. இந்த ஊர் ஜனங்களுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வகைக் காத்திருப்பு உண்டு. ஒன்றுக்கு நாள் குறித்திருக்கிறது. பாட்டி பேரனிடம் நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். மற்றொன்றுக்கு நாளும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை. டன்டாவ் காத்திருந்தது இரண்டாவது வகை. ஆயினும் அவர் வெறும் பேச்சுக்காரர் அல்லர். அவருடைய தறியில் பாவு பல முறை ஏறியது. அறுக்கும் நாளைப் பார்க்க அவர் இல்லை, அவ்வளவே.

நம் தேசத்துக் கதை இதைவிடச் சுருக்கமானது. 2012-ல் டில்லி மோட்டார் காட்சியில் திலீப் சாப்ரியா என்னும் வடிவமைப்பாளர் 'அவந்தி' என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினார். நடுவில் எஞ்சின், எஞ்சின் பிரெஞ்சுக் கம்பெனி ரெனோவினுடையது. சில வண்டிகள் விற்றன, தொழில் நிலைக்கவில்லை.

அதற்குப் பின் வந்ததுதான் நமக்கு உண்மையில் ஏக்கம் தருவது. 2017-ம் வருஷம் பிப்ரவரியில் டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியார் 'டாமோ' என்று ஒரு புதிய பெயரை அறிவித்தார்கள். மார்ச் மாதம் ஜெனிவா காட்சியில் அந்தப் பெயரில் 'ரேஸ்மோ' என்னும் இரண்டு ஆசன வண்டியைத் திரை விலக்கிக் காட்டினார்கள். அதன் எஞ்சின் ஏதோ இறக்குமதியான பூதம் அன்று. நம் தெருக்களில் ஓடும் டாட்டா கார்களில் உள்ள 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினையே எடுத்துப் பலப்படுத்தி நடுவில் வைத்திருந்தார்கள். 190 குதிரைச் சக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 6 விநாடிக்கும் குறைவு என்று சொன்னார்கள். பையன்கள் கம்ப்யூட்டரில் ஆடும் பந்தய விளையாட்டு ஒன்றில் இந்த வண்டி இடம் பெறும் என்றும் அறிவித்தார்கள். வீட்டுக் கோழியை விருந்துக்குச் சமைத்தது போன்ற இந்தக் காரியம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவர்களில் நாமும் ஒருவர்.

வண்டி விற்பனைக்கு வரவேயில்லை. செலவுக்கும் வரவுக்கும் கட்டாது என்று ஒதுக்கிவைத்துவிட்டதாகப் பத்திரிகைகளில் சேதி வந்தது. முரசு கொட்டியபோது ஜெனிவா வரை கேட்டது. நிறுத்தியபோது அடுத்த வீட்டுக்குக் கூடக் கேட்கவில்லை. பாவு ஏறிய பின் தறியிலேயே நின்று போன புடவை இது.

இருந்தாலும், பாதியில் நின்ற பாவு முழுதும் வீணாகிவிடுவதில்லை என்பது நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். டாட்டா கம்பெனியும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, 2018-ம் வருஷம் அக்டோபரில் 'டியாகோ', 'டிகோர்' என்னும் சாதாரணக் கார்களின் வேகம் மிகுந்த வகைகளை வெளியிட்டன. அதே குலத்து 1.2 லிட்டர் எஞ்சின் அவற்றில் 114 குதிரைச் சக்தி தந்தது. எஞ்சின் முன்னால்தான், ஆனால் வாங்க விரும்பியவன் பணத்தைக் கட்டி வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்ல முடிந்தது. 2020-ல் புதிய புகை விதிகள் அமலுக்கு வந்தபோது அவையும் நின்றன.

கோயம்புத்தூர் என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் போவது பெரும் பாவம். ஜெனிவாவையும் டோக்கியோவையும் பார்த்துக் கழுத்து வலிக்கும் நம்மவர்கள், காஞ்சீபுரத்திலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் நடந்ததை மறந்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு மோட்டார் பந்தயச் சாலை இருக்கிறது. அதை அமைத்தவர்கள், 1953-ல் ஆரம்பித்த சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார். அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. அந்தப் பந்தயங்களின் செல்லப் பிள்ளை, கோயம்புத்தூர் பஞ்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்த்தன்.

அந்நிய தேசத்துப் பந்தய வண்டி வாங்குவதென்றால் நம் பிள்ளைகள் சொத்தை விற்க வேண்டும் என்பதை அவர் கண்டார். 1980-களின் பிற்பகுதியில், எந்தத் தெருவிலும் நிற்கும் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆசன வண்டி ஒன்றில் சாரதியின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். கண்ணாடி நாரினால் இலேசான உடல் செய்தார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். வீட்டுக் காரின் எஞ்சினை முதுகுப் பக்கம் மாற்றிப் பந்தயக் குதிரையாக்குவது என்ற இதே உபாயத்தைத்தான் டொயோட்டா கம்பெனி 1984-ல் எம்.ஆர்.2 வண்டியில் கையாண்டது. டாட்டா கம்பெனி 2017-ல் ரேஸ்மோவில் கையாண்டது. ஆனால் கரிவர்த்தன் திரை கட்டவுமில்லை, திரை விலக்கவுமில்லை. வண்டிகளைச் செய்து சாலையில் விட்டார். கோயம்புத்தூர்ப் பிள்ளையான நாராயண் கார்த்திகேயன் இருங்காட்டுக்கோட்டையில் முதலில் ஓட்டிப் பழகியது இந்தப் பார்முலா மாருதியைத்தான். 2005-ல் ஜோர்டான் குழுவின் வண்டியில் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவரே. அதைக் காணக் கரிவர்த்தன் இல்லை. 1995-ல் ஒரு விமான விபத்தில் அவர் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலுள்ள பந்தயச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

நம் தேசத்தில் நடு-எஞ்சின் வண்டி எப்போது வரும் என்று வாதிடுவோருக்கு நம்முடைய பதில் இதுதான். அது வந்து முப்பது வருஷங்களுக்கு மேல் ஆகிறது. வதந்தியில்லாமல் வந்ததால் நம் காதில் விழவில்லை.

ஏழைகள் நிறைந்த தேசத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நாம் காஞ்சீபுரத்துக்காரராக இருந்து அதற்குப் பதில் சொல்கிறோம். உடம்பை மறைப்பதற்குக் கோர்வைக் கரையும் ஜரிகை முந்தானையும் தேவையில்லை. முரட்டுப் பருத்தி போதும். ஆயினும் கோர்வை நெய்யத் தெரிந்த கைக்குச் சாதாரணப் புடவை விளையாட்டு. கடினமான வேலை ஒன்று ஊரில் இருந்தால்தான் மற்ற வேலைகளின் தரம் உயரும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் 190 குதிரைகளைப் பூட்டக் கற்றவன், பால் வண்டிக்குச் செய்யும் எஞ்சினையும் நன்றாகவே செய்வான். ஆகையால் ஸ்போர்ட்ஸ் காரை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஊரைக் கூட்டித் திரை விலக்குகிறவர்கள், நிறுத்தும்போதும் அதே ஊரைக் கூட்டிக் காரணம் சொல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தோல்வியின் காரணம் வெளியில் தெரிந்தால் அடுத்தவன் அங்கிருந்து தொடங்குவான். மௌனத்திலிருந்து எவனும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இனி, நெசவாளரின் கேள்வி. இந்த வண்டி வந்தால் பெரியவனுக்கு வேலை கிடைக்குமா?

வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் போய் உள்ளதைச் சொன்னோம். கிடைக்காது. ஸ்போர்ட்ஸ் கார்கள் சொற்பமாகச் செய்யப்படுபவை. ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்கும் தொழில் அன்று. ஆள் சேர்ப்பவை இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-ல் ரெனோவும் நிஸ்ஸானும் திறந்த ஆலை போன்றவை. அவற்றிலும் இன்று இருப்பது நாளைக்கு இருக்கும் என்று சாஸனம் கிடையாது. மறைமலை நகர் போர்டு தொழிற்சாலை 2021-ல் மூடுவதாக அறிவித்து, 2022-ல் கார் செய்வதை நிறுத்தியது. 2024-ல் அதை மீண்டும் திறக்க விரும்புவதாகக் கம்பெனி அரசாங்கத்துக்குக் கடிதம் கொடுத்தபோது, நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அந்தச் சேதியை இரண்டு முறை படித்திருப்பார்கள்! வரப் போகும் காரைப் பற்றிய வதந்தி பணக்காரர் வீட்டில் பொழுதுபோக்கு. தொழிலாளி வீட்டில் அதே வதந்தி அடுப்பில் வைத்த உலை.

தகப்பனார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "உள்ளதைச் சொன்னீர்களே, அது போதும் ஐயா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒற்றை ஆசன வண்டிகள் சீறிக்கொண்டு போயின. நமக்குக் காது அடைத்துவிட்டது. இடைவேளையில் ஒரு வண்டியின் பின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். சின்னவன் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அது என்ன, இது என்ன என்று கேட்க ஆரம்பித்தான். விஞ்ஞான ஆசிரியராகிய நாம் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னோம், மூன்றாவதில் நின்றுவிட்டோம். மூன்று மாதமாகத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்த பெரியவன் அப்போது வாயைத் திறந்தான். எஞ்சினிலிருந்து சக்தி எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது, அந்தத் தண்டு ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது, குட்டையாக இருப்பதால் என்ன லாபம் என்று கையை நீட்டி நீட்டி விளக்கினான். வண்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி அவனை ஒரு முறை பார்த்தார். "எங்கே வேலை பார்க்கிறாய், தம்பி?" என்றார். "இப்போது எங்கேயும் இல்லை, அண்ணா" என்றான் அவன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை, மறுபடியும் குனிந்துகொண்டார். இதற்கு மேல் ஏதாவது நடந்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். நடக்கவில்லை.

படத்தைப் பஸ்ஸிலேயே சின்னவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதன் பின்புறத்தில் அவன் பென்சிலால் மூன்று கட்டம் போட்டிருக்கிறான். முதல் கட்டத்தின் தலைப்பு 'டிசைன்'; இரண்டாவது 'பாவு ஏறியது'; மூன்றாவது 'அறுத்தது'. டொயோட்டாவின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று காஞ்சீபுரம் வந்து சேரும் வரையில் அண்ணனும் தம்பியும் தர்க்கம் செய்துகொண்டு வந்தார்கள். கரிவர்த்தனுடைய பெயரில் தர்க்கம் இல்லை.

பாலிடெக்னிக் விண்ணப்பம் தறியின் மேல், நூல் கண்டுப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மூன்று வருஷச் செலவு; பெரியவனுக்கும் வேலை இல்லாத சமயம். கையில் இருக்கும் புடவையை அறுத்த பிறகு சொல்கிறேன் என்றார் தகப்பனார். இன்னும் ஒன்றரை கஜம் நெய்ய வேண்டியிருக்கிறது.